படம் நடுவே நின்றால்: வீட்டு இணைய இணைப்பைச் சீர்செய்யும் வழிகள்

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, ‘விட்டல் விகார்’ என்னும் தம் இல்லத்தில் ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் இயங்கிய அந்நிலையத்தின் பெயரே பிற்காலத்தில் அகில இந்திய வானொலிக்கும் பெயராயிற்று. ஒரு வீட்டிலிருந்து வானலைகளை அனுப்புவது அன்று ஊரே வியந்த முயற்சி. இன்றோ மைசூருவின் பெரும்பாலான வீடுகளில் அத்தகைய நிலையம் ஒன்று ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது. கூடத்தின் மூலையில் பச்சை விளக்குகளுடன் கண்சிமிட்டும் ரவுட்டரே அது. தொலைக்காட்சியின் பின்புறம் செருகப்பட்டிருக்கும் சிறு கருவி, அந்நிலையத்தின் அலைகளைக் கேட்டுப் படமாக மாற்றித் தருகிறது.

ஃபயர் டிவி ஸ்டிக், குரோம்காஸ்ட், ஆண்ட்ராய்டு பெட்டி எனப் பல பெயர்களில் வழங்கும் இக்கருவிகளைப் பற்றி நம் வாசகர் இல்லங்களில் பொதுவாக எழும் குறை ஒன்றே. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் வட்டம் சுழலத் தொடங்குகிறது. பின்னர் ‘நெட்வொர்க் இணைப்பு இல்லை’ என்ற செய்தி தோன்றுகிறது. விசயதசமியன்று அம்பாரியைச் சுமந்த யானை அரண்மனை வாயிலைக் கடக்கும் நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால் வீட்டினர் அடையும் ஏமாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கியின் இதழில் இதற்கென்ன இடம் என்று வாசகர்கள் வினவக்கூடும். காரணங்கள் இரண்டு. முதலாவது, படம் வரும் அதே வீட்டு இணைப்பின் வழியாகவே நம்முள் பலர் வங்கிக் கணக்கையும் இயக்குகிறோம். இரண்டாவது, இணைப்பு அறுபட்டவுடன் பலர் செய்யும் முதற்செயல், இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ தேடுவது. அந்தத் தேடலில்தான் மோசடிக்காரர்கள் வலை விரித்துக் காத்திருக்கிறார்கள். குறையின் இருப்பிடத்தை நாமே கண்டறியத் தெரிந்துகொண்டால், முன்பின் அறியாத எண்களை அழைக்கும் தேவையே பெரும்பாலும் எழாது.

குறை எந்தக் கண்ணியில் உள்ளது?

ஒரு திரைப்படம் நம் திரையை அடையுமுன் பல கண்ணிகளைக் கடக்கிறது. ஒளிபரப்பு நிறுவனத்தின் கணினிகளிலிருந்து இணைய நிறுவனத்துக்கும், அங்கிருந்து ஒளியிழைக் கம்பி வழியாக நம் வீட்டு ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து வானலையாகக் கருவிக்கும், கருவியிலிருந்து தொலைக்காட்சிக்கும் அது வந்து சேர்கிறது. எந்தக் கண்ணி தளர்ந்தாலும் திரையில் தோன்றும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே, கண்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதை விடுத்து, முதலில் கண்ணிகளைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு இரண்டு எளிய சோதனைகள் போதும்.

முதற்சோதனை: இணைப்பு அறுபடும் வேளையில், கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்து, தொலைக்காட்சியின் அருகில் நின்றபடி ஒரு காணொளியை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியிலும் அது ஓடவில்லையெனில், ரவுட்டர் இருக்கும் இடத்துக்கே சென்று மீண்டும் பாருங்கள். அங்கும் ஓடவில்லையென்றால் குறை ரவுட்டரிலோ வெளிக்கம்பியிலோ உள்ளது. ரவுட்டரின் அருகில் நன்றாக ஓடி, தொலைக்காட்சியின் அருகில் தடுமாறினால் இடையிலுள்ள வானலைப் பாதையே காரணம். இரண்டு இடங்களிலும் கைப்பேசி நன்றாக இயங்கி, கருவி மட்டும் தடுமாறினால், கருவியின் மீதோ அது செருகப்பட்டுள்ள இடத்தின் மீதோ ஐயம் கொள்ளலாம்.

இரண்டாம் சோதனை: கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ வசதியை இயக்கி, கருவியை அதனுடன் இணைத்து அரைமணி நேரம் பாருங்கள். அப்போது இணைப்பு அறுபடாமல் நிலைத்தால் கருவி நலமாக உள்ளது என்று பொருள். ரவுட்டரையும் பாதையையும் ஆராய வேண்டும். அப்போதும் அறுபட்டால் கருவியையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் ஆராய வேண்டும். இச்சோதனை மொபைல் டேட்டாவை விரைவாகச் செலவிடும் என்பதால், படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது நன்று.

ஒளியிழை இணைப்பு உள்ள வீடுகளில் மூன்றாவது சான்று ஒன்று கண்முன்னே உண்டு. ரவுட்டரிலோ அதனுடன் இணைந்த பெட்டியிலோ ‘எல்.ஓ.எஸ்.’ என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளிக்குறிகை வீட்டை வந்தடையவில்லை. கம்பி எங்கேனும் கதவிடுக்கில் நசுங்கியோ கூர்மையாக மடங்கியோ இருக்கிறதா என்று பார்க்கலாம். அவ்வாறு இல்லையெனில் அது இணைய நிறுவனம் தீர்க்க வேண்டிய குறை. கருவியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் அது தீராது.

மற்றொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஒரு செயலி மட்டும் இயங்காமல் மற்றவை இயங்கினால், குறை இணைப்பில் இல்லை. அச்செயலியின் சந்தா முடிந்திருக்கலாம், அல்லது சந்தாவுக்காகப் பதிவு செய்த அட்டை காலாவதியாகியிருக்கலாம். இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

மின்சாரமே முதற்காரணம் ஆகலாம்

வைஃபை குறை என்று எண்ணப்படுபவற்றுள் கணிசமானவை மின்குறைகளே. கருவியுடன் வந்த அடாப்டரைப் பயன்படுத்தாமல், தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். யூ.எஸ்.பி. 2.0 தரவிதியின்படி அத்துளை அளிக்க வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர். இக்கருவிகள் பலவற்றுடன் வரும் அடாப்டர்களோ 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் அளிப்பவை. சாதாரண நேரத்தில் அரை ஆம்பியர் போதும்போலத் தோன்றும். உயர்தரப் படம் ஓடும்போது செயலியும் வானலைப் பகுதியும் ஒருசேர மின்சாரத்தைக் கேட்கின்றன. அப்போது மின்னழுத்தம் தாழ்ந்து, வைஃபை பகுதி துண்டித்துக்கொள்கிறது, அல்லது கருவியே தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது. கருவியுடன் வந்த அடாப்டரையும் கம்பியையும் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகச் செருகி ஒருநாள் பாருங்கள். செலவில்லாத இத்தீர்வு பல வீடுகளில் குறையை முற்றிலும் நீக்கிவிடும்.

ரவுட்டரின் அடாப்டரும் மூப்படைவது உண்டு. ஆண்டுக்கணக்கில் இரவுபகலாக இயங்கும் அடாப்டர் தன் அளவான மின்னழுத்தத்தைத் தர இயலாமல் போகும்போது, ரவுட்டர் காரணமின்றி அணைந்து எழும். தொட்டால் மிகுந்த சூடாக இருப்பது ஓர் அறிகுறி. புதிய அடாப்டர் வாங்கும்போது, பழையதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு மாறாமலும், ஆம்பியர் அளவு குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடைமழைக் காலத்தில் இடியும் மின்வெட்டும் மைசூருவுக்குப் புதியவை அல்ல. சில நொடிகள் மின்சாரம் போய் வந்தாலும் ரவுட்டர் மீண்டும் இணைப்பைப் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கருவி தேடிக் களைத்து ‘இணைப்பு இல்லை’ என்று அறிவித்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் அதனுடன் இணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளுக்கு ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். போதுமானது. பலத்த இடி இடிக்கும் நேரத்தில் மட்டும் பிளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

அணைத்து இயக்குவதற்கும் ஒரு முறை உண்டு

‘ஒருமுறை அணைத்துப் போடுங்கள்’ என்ற அறிவுரை எளிதாகத் தோன்றினாலும் அதன் பின்னே காரணம் உள்ளது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண்முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. அது நிரந்தர உரிமை அன்று, குத்தகை போன்றது. காலம் முடிந்து புதுப்பிக்கும்போது குழப்பம் நேர்ந்தாலோ, இரு கருவிகள் ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டாலோ இணைப்பு அறுபடும். முறையாக அணைத்து இயக்கும்போது முகவரிகள் புதிதாக வழங்கப்படுகின்றன.

முதலில் தொலைக்காட்சிக் கருவியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பின்னர் ரவுட்டரை நிறுத்தி அரை நிமிடம் காத்திருங்கள். ரவுட்டரை இயக்கி, விளக்குகள் நிலைபெறும் வரை மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். அதன் பின்னரே கருவியை இயக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினால், ரவுட்டர் எழுமுன்னரே கருவி அதைத் தேடித் தோற்றுவிடும். ரிமோட்டால் திரையை அணைப்பது கருவியை அணைப்பதாகாது. அது பெரும்பாலும் உறங்கும் நிலைக்கே செல்கிறது. பிளக்கைக் கழற்றுவதே உறுதியான வழி.

நாள்தோறும் இவ்வாறு செய்தால்தான் படம் வருகிறது என்ற நிலை இருந்தால், அது தீர்வன்று. மூலக்காரணம் வேறெங்கோ உள்ளது என்பதற்கு அடையாளம்.

வானலையின் இயல்பு

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ அதில் பாதி. முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் மிகுதி. பின்னது வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆயினும் சுவர்களுக்கு எளிதில் தோற்றுவிடும்.

ஆகவே வீட்டின் அமைப்பே தீர்வை முடிவு செய்கிறது. மைசூருவின் பழைய அக்கிரகாரப் பகுதிகளில் தடித்த சுவர்களுடன் நீளவாக்கில் அமைந்த வீடுகளில், முன்னறையில் உள்ள ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பின்னறைத் தொலைக்காட்சியை அடையுமுன் மெலிந்துவிடும். அங்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. குவெம்பு நகர், விஜயநகர் போன்ற பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. சுவருக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு அண்டை வீட்டு ரவுட்டர்கள் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றையொன்று மறித்துப் பேசுகின்றன. அங்கு ஒரே அறையில் இருக்கும் கருவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் சிறந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் பல தடங்கள் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இம்மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்தலாம். நெரிசலை அளந்து காட்டும் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் சில தடங்கள் ரேடார்களுக்கு முன்னுரிமை உடையவை. ரேடார் குறிகையை உணர்ந்தால் ரவுட்டர் விதிப்படி அத்தடத்தை விட்டு விலக வேண்டும்; அவ்வேளையில் படமும் நிற்கும். பழைய கருவிகள் சில அத்தடங்களை அறியவே மாட்டா. 36 முதல் 48 வரையிலான தடங்களைத் தேர்ந்தால் இச்சிக்கல் இல்லை.

இன்னொரு குழப்பமும் இங்கே எழுகிறது. பல ரவுட்டர்கள் இரு வரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, கருவியைத் தாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடுகின்றன. சில கருவிகள் அந்த மாற்றத்தின்போது தடுமாறி விழுகின்றன. இரு வரிசைகளுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, தொலைக்காட்சிக் கருவியை ஏற்றதொரு வரிசையில் மட்டும் இணைத்து வைப்பது நல்லது.

இடையில் நிற்கும் பொருள்களையும் நோக்குங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி ஆகியன அலைகளைத் தடுக்கவோ உறிஞ்சவோ வல்லவை. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. சாம்பாரைச் சூடாக்கும் இரண்டு நிமிடம் மட்டும் படம் நிற்கிறதெனில் காரணம் தெளிவு. அழகு கருதி ரவுட்டரைப் பரணிலோ மூடிய அலமாரியிலோ மறைத்து வைப்பது, விளக்கைக் குடத்துக்குள் வைப்பதைப் போன்றது. வீட்டின் நடுவில், ஆளுயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே முறை.

தொலைக்காட்சியே ஒரு தடையாவதும் உண்டு. அதன் பின்புறத்தில் உலோகத் தகடும் மின்சுற்றுகளும் சூழ்ந்த எச்.டி.எம்.ஐ. துளையில் கருவி நேராகச் செருகப்பட்டால், அலையின் பெரும்பகுதி மறைக்கப்படுகிறது, வெப்பமும் சேர்கிறது. சில கருவிகளுடன் வரும் குட்டையான எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பியைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்திக் கருவியைத் திரையின் விளிம்புவரை வெளியே கொணர்ந்தால் இணைப்பு வலுப்பெறும். கருவியும் குளிர்ச்சியாக இருக்கும்.

இவை எதுவும் பயனளிக்கவில்லையெனில், வானலையையே தவிர்த்துவிடலாம். ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சி வரை ஈதர்நெட் கம்பி இழுத்து, கருவிக்குரிய ஈதர்நெட் அடாப்டர் வழியாக இணைத்தால் சுவர், அண்டை வீடு, அடுப்பு ஆகிய எதுவும் குறுக்கிடாது.

கருவியின் அகத்தே உள்ள காரணங்கள்

கருவி நலமாகத் தோன்றினாலும் அதன் மென்பொருள் பழையதாக இருக்கலாம். அமைப்புப் பகுதியில் புதுப்பிப்பு உள்ளதா என்று பாருங்கள். சேமிப்பிடம் நிறைந்திருந்தால் பயன்படாத செயலிகளை நீக்குங்கள். நாளும் நேரமும் தவறாக இருந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க இயலாமல் செயலிகள் ‘இணைப்பு இல்லை’ என்றே கூறும். நேரத்தைத் தானியங்கி முறையில் வையுங்கள்.

சேமித்து வைத்துள்ள வைஃபை பெயரை ‘மறந்துவிடு’ என்ற கட்டளையால் நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டு இணைப்பதும் பலன் தரும். ரவுட்டர் புதியதாகவும் கருவி பழையதாகவும் இருந்தால், டபிள்யு.பி.ஏ.3 என்னும் புதிய பாதுகாப்பு முறை கருவிக்குப் புரியாமல் போகலாம். ரவுட்டரில் டபிள்யு.பி.ஏ.2 முறையைத் தேர்ந்து பாருங்கள். பூட்டே இல்லாத திறந்த முறைக்கு எக்காரணத்தாலும் மாற்றிவிடாதீர்கள்.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டல் என்பது கடைசி மருந்து. அதைச் செய்தால் கணக்குகள், செயலிகள், கடவுச்சொற்கள் அனைத்தும் அழியும். கணக்கின் கடவுச்சொல் நினைவில் உள்ளதா என்று உறுதிசெய்த பின்னரே அதில் இறங்க வேண்டும்.

வேகமும் நிலைத்தன்மையும்

‘நூறு மெகாபிட் இணைப்பு வாங்கியும் படம் நிற்கிறதே’ என்று வருந்துவோர் உண்டு. படத்துக்குத் தேவையான வேகம் அவ்வளவு பெரிதன்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவுகள் இவை: 720பி தரத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080பி தரத்துக்கு 5 மெகாபிட், 4கே தரத்துக்கு 15 மெகாபிட். எனவே தொலைக்காட்சியின் அருகில் நிலையாக 20 மெகாபிட் கிடைத்தால் ஒரு திரைக்குப் போதும். வேகம் 80க்கும் 2க்கும் இடையே ஊசலாடினால்தான் படம் நிற்கும். ஆகவே கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுமுன், காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் தொலைக்காட்சியின் அருகில் வேகத்தை அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 8 முதல் 11 வரை மட்டும் தாழ்கிறதெனில் அது பகுதியின் நெரிசல். மாத இறுதியில் மட்டும் தாழ்கிறதெனில் திட்டத்தின் டேட்டா வரம்பு தீர்ந்திருக்கலாம். இரு நிலையிலும் புதிய கருவி வாங்குவதால் பயன் இல்லை.

இணைய நிறுவனத்திடம் முறையிடும்போது இக்குறிப்புத்தாள் நமக்குச் சான்றாகும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் மையத்தில் பதியும் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்கவில்லையெனில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். கருவி உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகி, விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம்.

வலை விரிக்கப்படும் இடம்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். மோசடி நடைபெறும் முறை இது. மக்கள் வெளியூரில் பணிபுரிய, வீட்டில் முதியோர் இருவர் மட்டும் இருக்கிறார்கள். படம் நிற்கிறது. இணையத்தில் கருவியின் பெயருடன் உதவி எண்ணைத் தேடுகிறார்கள். தேடலில் முதலில் தோன்றுவது மோசடிக்காரர் பணம் கொடுத்து இட்ட விளம்பரமாக இருக்கலாம். மறுமுனையில் இருப்பவர் மிகவும் பணிவாகப் பேசுவார். ‘உங்கள் கருவியின் பதிவு முடிந்துவிட்டது, மீண்டும் செயல்படுத்தச் சிறு தொகை போதும்’ என்பார். பின்னர், குறையைச் சரிசெய்வதாகச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் செய்வார். அது நம் திரையை அவருக்குக் காட்டும் செயலி. சிறு தொகையைச் செலுத்த நாம் வங்கிச் செயலியைத் திறக்கும்போது, கடவுச்சொல்லும் ஒருமுறைக் குறியெண்ணும் அவர் கண்முன்னே தெரிகின்றன.

இதைத் தடுக்கச் சில உறுதிகள் போதும். கருவியைத் தொலைக்காட்சியில் செயல்படுத்தும் குறியெண்ணுக்கு முறையான நிறுவனங்கள் தொலைபேசியில் கட்டணம் கேட்பதில்லை. உதவி எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள். இணையக் கட்டண ரசீதிலோ, கருவியின் பெட்டியிலோ, செயலியின் உதவிப் பக்கத்திலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். அந்நியர் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள். யூ.பி.ஐ. ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே தேவை. பணம் திரும்பப் பெற அதை இடச் சொன்னால் அது மோசடி. வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போதும் முகவரியின் முடிவைப் பாருங்கள். வங்கிகளின் முகவரிகள் ‘.பேங்க்.இன்’ என்று முடியுமாறு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நொடியும் தயங்க வேண்டா. உடனே வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கையும் அட்டையையும் முடக்குங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட சுற்றறிக்கை காலத்தின் அருமையைத் தெளிவாக்குகிறது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் பிழையில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலைநாள்களுக்குள் எனில் வரம்புக்குட்பட்ட பொறுப்பு உண்டு. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். வெட்கத்தால் பிள்ளைகளிடம் மறைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கே உதவுகிறது. ஏமாந்தவர் குற்றவாளி அல்லர் என்பதை வீட்டிலுள்ள இளையோர் பெரியோருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கருவியே கள்வனாக இருப்பதும் உண்டு. எல்லா அலைவரிசைகளும் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்று விற்கப்படும் பெயரறியாப் பெட்டிகள் சிலவற்றில், தொழிற்சாலையிலேயே தீய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. ‘பேட்பாக்ஸ் 2.0’ எனப்படும் அத்தகைய வலையமைப்பைப் பற்றி 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அதில் 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருந்ததாகக் கூகுள் நிறுவனம் தெரிவித்தது. இத்தகைய பெட்டி நம் வீட்டு இணைப்பைப் பிறர் குற்றங்களுக்கு வாடகையின்றி வழங்கும். காரணம் புலப்படாமல் இணைப்பு முழுவதும் மந்தமாகி, அப்பெட்டியைக் கழற்றியதும் சீரானால், அதை மீண்டும் செருகாதீர்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததே இன்றும் உள்ளதெனில் அதை இன்றே மாற்றுங்கள். ரவுட்டரில் ‘விருந்தினர் வைஃபை’ வசதி இருந்தால் தொலைக்காட்சிக் கருவியை அதில் இணைத்து, வங்கிப் பணிக்குரிய கைப்பேசியையும் கணினியையும் முதன்மை இணைப்பில் வைப்பது அறிவுடைமை.

இறுதியாகச் சந்தாக்கள். அட்டையில் பதிவாகும் தொடர் கட்டணங்களுக்கு, தொகை கழிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்கள் ஒவ்வொரு முறையும் குறியெண் கேட்காமலே கழிக்கப்படலாம் என 2022 ஜூன் மாதம் வரம்பு உயர்த்தப்பட்டது. ஆதலால் அந்த முன்னறிவிப்பைப் படிப்பது நம் கடமையாகிறது. பார்க்காத சந்தா ஒன்று மாதந்தோறும் கழிந்துகொண்டிருந்தால், வங்கிச் செயலியில் தொடர் கட்டண ஆணைகளின் பட்டியலைத் திறந்து அதை நீக்கிவிடலாம்.

இந்த இதழை மூடுமுன் ஒரு சிறு வேலை. இணைய நிறுவனத்தின் ரசீதைப் பார்த்து அதன் புகார் எண், உங்கள் கணக்கு எண், வங்கி அட்டையின் பின்புறமுள்ள உதவி எண், 1930 ஆகிய நான்கையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரவுட்டரின் அருகில் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வட்டம் சுழலும்போது, வீட்டில் யார் இருந்தாலும் அவர்கள் முதலில் நோக்க வேண்டியது அந்தத் தாளையே.